சுரங்கத்தில் இரண்டு பேர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தபோதுதான் சுகந்திக்கு அந்த அழைப்பு வந்தது. பேசியது அண்ணி பிருந்தா. எதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறவள், அன்றைக்கு மூச்சு விடாமல் கொட்டினாள்.

"சுகந்தி, போட்டது போட்டபடி கெளம்பி வா. உங்கண்ணன் என்னை யாருன்னு கேக்கறாரு."

"எங்க இருக்கீங்க அண்ணி?"

"அந்த 'மறுபடி'ங்கற எடத்துலதான். காலைல வந்தோம். இவரோட உள்ள போனவங்கெல்லாம் வெளிய வந்து சாப்பிடவே போயிட்டாங்க. இவரு மட்டும் வரல. பொறுக்க மாட்டாம நான் உள்ள போனேன். என்னைய நிமிந்து பாத்து, 'ஆன்ட்டி, எங்கம்மா எங்கீங்க?'ன்னாரு. ஆன்ட்டிங்கறாரு சுகந்தி என்னைய. முப்பது வருசம் குடும்பம் நடத்தினவளை."

அதற்கு மேல் பிருந்தாவால் பேச முடியவில்லை. சுகந்தி கையைக்கூடக் கழுவாமல் வண்டிச் சாவியை எடுத்தாள்.

பீளமேட்டில் மூடிக் கிடந்த பழைய நூற்பாலை ஒன்றின் கிடங்கைப் புதுப்பித்து நடத்தினார்கள் 'மறுபடி'யை. கோயம்புத்தூரில் ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் ஆடிய கம்ப்யூட்டர் விளையாட்டை இன்றைக்கு எடுத்து ஆடினால் பத்து நிமிடத்தில் சலித்துப் போகிறது. ஆட்டம் அதேதான், ஆடுகிற ஆள்தான் மாறிவிட்டான். ஆகவே ஆளையே பழையபடி ஆக்கித் தருகிறோம் என்றார்கள் இவர்கள். தலையில் ஒரு பட்டையைக் கட்டி, நீங்கள் சொல்லும் நாளுக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் ஒரு மணி நேரத்துக்குத் தூங்க வைத்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் பதினோரு வயதுப் பையன். பெட்டி புதிது, ஆட்டம் புதிது. பிறகு எல்லாம் தானாக விழித்துக்கொள்ளும்.

அண்ணன் தண்டபாணியின் பெட்டி தும்பி. கறுப்பு ரப்பர் பொத்தான்களும், மூலையில் ஒரு தட்டான்பூச்சிப் படமும் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டர். இந்த ஊரிலேயே ஒரு சின்னக் கம்பெனி கொஞ்ச காலம் செய்து விற்றது. அப்பா மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். அண்ணனுக்குப் பதினோரு வயதான வருடம், தீபாவளிக்குப் பட்டாசோடு தும்பியையும் வாங்கி வந்துவிட்டார். கதவு வைத்த கறுப்பு வெள்ளை டி.வி.யில் அதைக் கோத்து, டேப் ரெக்கார்டரில் கேஸட்டைப் போட்டால், கீச்சென்று ஒரு ஓலம் எழும். ஆட்டம் ஏறி முடிகிற வரைக்கும் வீட்டில் யாரும் அதிர்ந்து நடக்கக் கூடாது. நடந்தால் நின்றுவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அம்மாகூட அடுக்களையில் பூனைபோல் நடப்பாள்.

ஆட்டங்கள் நாலைந்து இருந்தாலும் அண்ணனும் தங்கையும் விழுந்து கிடந்தது சுரங்கத்தில்தான். அது இரண்டு பேர் ஆடுவது. திரை முழுக்க இருட்டு. ஒருவர் தோண்ட வேண்டும், இன்னொருவர் விளக்குப் பிடிக்க வேண்டும். விளக்கைச் சுற்றி உள்ள இடம் மட்டும் தெரியும். விளக்குக்காரர் தப்பான பக்கம் போனால் தோண்டுகிறவர் குழியில் விழுவார். அண்ணன் தோண்டுவான். ஒன்பது வயதுச் சுகந்தி விளக்கு.

போன மாதம் அண்ணன் அவளையும் கூப்பிட்டிருந்தார். "ஒட்டுக்காப் போலாம் சுகந்தி. ரெண்டு பேரா போனாத்தான் சுரங்கம் ஆட முடியும்." அவள் மறுத்துவிட்டாள். ஒரு மணி நேரமானாலும் பெற்ற மகனின் முகம் நினைவில் இல்லாமல் இருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "போங்ணா. எனக்குப் பயமா இருக்குது," என்றாள். அவர் சிரித்தார். "பயந்தாங்கொள்ளி."

இப்போது வண்டியை ஓட்டிக்கொண்டு போகையில் அந்தச் சிரிப்பே திரும்பத் திரும்பக் கேட்டது.

பிருந்தா வரவேற்பறை மூலையில் முந்தானையை வாயில் வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்றவன் நிவேதன். இந்த இடத்தின் தொழில்நுட்பப் பொறுப்பு அவனுடையது. முப்பதைத் தொட்டிருக்க மாட்டான். சட்டைக் கழுத்தெல்லாம் வியர்வை.

"நீங்க அவரோட தங்கச்சிங்களா? நல்லதாப் போச்சு. இப்படி வாங்க."

கண்ணாடிச் சுவருக்கு முன்னால் அவளை நிறுத்தினான். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே இருப்பது தெரியாது. உள்ளே ஒரு வீடு இருந்தது. பச்சைச் சுண்ணாம்புச் சுவர், காலண்டர், எவர்சில்வர் சொம்பு, கதவு வைத்த டி.வி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார் தண்டபாணி. வழுக்கைத் தலை, தொந்தி, மூக்குக் கண்ணாடி. ஆனால் நாக்கு நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு, முதுகைக் கூன் போட்டு, தோற்றுவிட்டால் தொடையில் அடித்துக்கொண்டு ஆடிய விதத்தைப் பார்த்ததும் சுகந்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணனின் உடம்புக்குள் ஒரு பையன் இருந்தான். அவரை 'அவர்' என்று நினைக்கவே அவளால் முடியவில்லை. அவன்தான்.

"ஏன் இப்படி ஆச்சு?" என்றாள்.

"தூங்க வெச்ச ஞாபகம் ஒண்ணொண்ணா முழிக்கும்ங்க. படி ஏறி வர்ற மாதிரி. பழசுலிருந்து புதுசுக்கு. வழக்கமா எல்லாரும் கடகடன்னு ஏறி வந்துருவாங்க. இவரு முதல் படிக்கிட்ட வர்றாரு, திரும்பி இறங்கிடறாரு. மறுபடி வர்றாரு, மறுபடி இறங்கிடறாரு. நாங்க திரையில பாத்துட்டே இருக்கோம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அவரு சொன்ன தேதிக்கு அடுத்தாப்ல ஏதாச்சும் பெரிய துக்கம் நடந்துச்சுங்களா? நாங்க கேட்டோம். ஒண்ணுமில்லைன்னு சொன்னாரு."

சுகந்தி கண்ணாடியில் கை ஊன்றிக்கொண்டாள்.

"பொங்கல் கழிஞ்சு எங்கப்பா செத்துட்டாருங்க. சிங்காநல்லூர் பக்கம், ஸ்கூட்டர்ல போறப்போ லாரி இடிச்சு. தும்பி வாங்கி மூணு மாசம்கூட ஆகல. அதுக்கப்புறம் அம்மா அதைத் தொட விடல. யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாங்க."

நிவேதன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"தெரிஞ்சிருந்தா நாங்க செஞ்சிருக்கவே மாட்டோம்ங்க."

"செய்ய மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் அவரு சொல்லல. சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க? அதச் சொல்லுங்க."

"இன்னொரு தடவை பட்டையைக் கட்டலாம். ஆனா அது இன்னும் கீழ தள்ளிவிட்டாலும் விட்டுரும். காத்திருக்கலாம்னாலும்…" அவன் உதட்டைக் கடித்தான். "அவரு தூங்கிடக் கூடாதுங்க. தூங்கிட்டார்னா மூளை இதுதான் சரின்னு எடுத்துக்கும். காலைல முழிக்கறப்போ பதினோரு வயசு பையனாவே முழிப்பாரு. அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"இதுக்கு முன்னாடி அப்படி ஆயிருக்கா?"

அவன் பிருந்தா இருந்த பக்கம் பார்த்தான். அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பயந்தான் போலிருந்தது.

"கேக்கறேன்ல, சொல்லுங்க."

"திருப்பூர்ல ஒரு அம்மா. ஒன்பது வயசுல நிக்கறாங்க. அவங்க பையன்தான் இப்ப அவங்களுக்குத் தலை வாரி விடறாரு. மாமான்னு கூப்பிடறாங்க அவரை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.

"யாராச்சும் உள்ள போய் அந்த முதல் படியத் தாண்ட வெக்கணும்ங்க," என்றான் நிவேதன். "நடந்ததைச் சொல்லணும். அவரு நம்பற ஆளு சொல்லணும். நாங்க சொன்னா நம்ப மாட்டாரு. உங்க அண்ணியைப் பாத்தாலே பயப்படறாரு."

பிருந்தா எழுந்து வந்து சுகந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "போ சுகந்தி. உன்னைத்தான் கும்பிடறேன்."

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அந்த அறையில் அதே வாசனை அடித்தது. சூடேறிய பெட்டியின் வாசனை, டி.வி. கதவின் மர வார்னிஷ் வாசனை. அதை எப்படித்தான் செய்தார்களோ.

அவன் திரும்பிப் பார்த்தான். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் விரிந்தன. பயந்த கண்கள். பிறகு அவள் நரைத்த தலையையும் மூக்கையும் உற்றுப் பார்த்து முகம் தெளிந்தான்.

"பொள்ளாச்சி அத்தையா?"

பொள்ளாச்சி அத்தை அப்பாவின் அக்கா. சுகந்திக்கு அந்த ஜாடை உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். அத்தை போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது.

"ஆமா கண்ணு," என்றாள். குரல் தன்னுடையதுபோல் இல்லை. "அத்தைதான்."

"எப்ப வந்தீங்க? அம்மா எங்க? ஒரு பொம்பளை வந்து அழுதுட்டுப் போனாங்க அத்தை. யாருன்னே தெரியல. எனக்குப் பயமாப் போச்சு." ஐம்பத்தெட்டு வயதுத் தொண்டையிலிருந்து அந்தப் பேச்சு வந்தது. அவனே கழுத்தைத் தடவிக்கொண்டான். "தொண்டை கட்டிருச்சு போல. பேசினா அப்பா மாதிரியே வருது."

"அம்மா வந்துருவாங்க. நீ ஆடு."

"சுரங்கம் ஒத்தையா ஆட முடியாது. சுகந்திதான் விளக்குப் பிடிப்பா. அவ எங்க?"

நான்தான்டா சுகந்தி என்று சொல்ல வாய் வந்தது. அறுபதை நெருங்குகிற ஒருத்தி ஒன்பது வயதுத் தங்கை என்று சொன்னால் இந்தக் குழந்தை என்ன ஆகும்? அலறி விடும்.

"கடைக்குப் போயிருக்கா. அது வரைக்கும் அத்தை விளக்குப் பிடிக்கட்டுமா?"

"உங்களுக்கு ஆடத் தெரியுமா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தைக்கு கம்ப்யூட்டர்!"

நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் முழங்கால் வலியோடு கீழே உட்கார்ந்து ரப்பர் பொத்தான்களில் விரல் வைத்தாள். விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. இருட்டில் சின்ன மஞ்சள் வட்டம் நகர்ந்தது. அவன் தோண்டினான். அவள் விளக்கை ஒரு கட்டம் முன்னால் கொண்டுபோனாள், அவன் வந்தான். இடப்பக்கம் குழி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், விளக்கை வலப்பக்கம் திருப்பினாள்.

"அத்தை! சுகந்தி மாதிரியே ஆடறீங்க!"

தோளோடு தோள் இடித்துக்கொண்டு இரண்டு மட்டம் இறங்கினார்கள். மூன்றாவது மட்டத்தில் அவள் தன்னை மறந்து சிரித்தாள். சிரித்த உடனே பயம் பிடித்துக்கொண்டது. இங்கேயே இருந்துவிடலாம்போல இருந்தது அவளுக்கு. அப்பா மில்லிலிருந்து வருவார், வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்கும். அண்ணன் ஏன் படியேறாமல் திரும்பித் திரும்பிப் போகிறார் என்று அப்போது புரிந்தது. வழி தெரியாமல் இல்லை. மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துதான்.

அவன் மறுபடி கொட்டாவி விட்டான். கண்ணைக் கசக்கக் கையைத் தூக்கினவன், பாதியில் அப்படியே நிறுத்தினான். தன் கையைப் பார்த்தான். புறங்கை நரம்புகளை, நரைத்த முடியை, விரலில் இறுகிப் போயிருந்த கல்யாண மோதிரத்தை.

"அத்தை…"

"ம்?"

"என் கை ஏன் இப்படி இருக்கு?"

அவள் சட்டென்று அந்தக் கையைப் பொத்திக்கொண்டாள். அவன் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது என் கையே இல்ல அத்தை. யாரோ பெரியவங்க கை. எனக்கு என்ன ஆச்சு? காய்ச்சலா? அப்பாவை வரச் சொல்லுங்க. அப்பா எப்ப வருவாரு?"

அவளுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். இந்தக் கேள்விக்காகத்தான் அவளை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். நடுங்குகிற ஒரு குழந்தையிடம் போய் உன் அப்பா செத்துப் போனார் என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கதிரேசன் மாமா பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வந்து இரண்டு பேரையும் முன்னாலும் பின்னாலும் ஏற்றிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பியதும் வாசலில் கூட்டம் தெரிந்தது. அவ்வளவுதான். யார் வாயாலும் ஒரு வார்த்தை வரவில்லை.

அவனுக்கு இமை சொருகியது. பயந்து களைத்த குழந்தைக்குத் தூக்கம் சீக்கிரம் வரும். அவன் தலை அவள் தோளில் மெதுவாகச் சாய்ந்தது.

"தூங்காத," என்றாள். "கண்ணு, தூங்காத. இங்க பாரு."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். மஞ்சள் வட்டம் சுருங்கி அணைந்தது. திரை முழுக்க இருட்டாகிவிட்டது.

"விளக்கு! விளக்கைப் பிடிங்க அத்தை, விழுந்துருவேன்!"

"பிடிக்கறேன். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். என் கையைப் பிடிச்சுக்க." கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்பா வர மாட்டாரு சாமி."

"ஏன்? நைட் ஷிப்டா?"

"இல்ல. அப்பா செத்துப் போயிட்டாரு. ரோட்டுல லாரி இடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உசுரு போயிருச்சு."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அழவில்லை.

"பொய்."

"பொய் இல்ல."

"காலைல எனக்குத் தலை சீவி விட்டாரு."

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்வியில் அவள் உடைந்துபோனாள். "தெரியும் கண்ணு," என்று சொல்லி அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவன் அழ ஆரம்பித்தான். பெரிய உடம்பு முழுவதும் குலுங்க, வாயைத் திறந்து, சத்தம் வராமல் கொஞ்ச நேரம், பிறகு சத்தமாக. அவளுடைய புடவையைப் பிடித்துக்கொண்டு அப்பா அப்பா என்று கூப்பிட்டான். அவளும் அழுதாள். தூங்கிவிடக் கூடாதே என்று முதுகைத் தட்டிக்கொண்டே அழுதாள்.

திடீரென்று அவன் உடம்பு விறைத்தது.

"மாமா வந்தாரு," என்றான். "ஸ்கூலுக்கு. சைக்கிள்ல."

"ம். அப்புறம்?"

"வாசல்ல சேர் போட்டிருந்தாங்க. அப்பா மூக்குல பஞ்சு." பல் கிட்டித்தது. "தும்பியைக் காணோம். ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்தா, மேசை காலியா இருக்குது."

அதற்குப் பின் அவளால் நிறுத்த முடியவில்லை, அவனாலும் முடியவில்லை. ஒவ்வொன்றும் இப்போதுதான் நடப்பதுபோல் வந்து விழுந்தது. காலேஜ், வேலை, கடனுக்கு வாங்கிய மனை, முதல் குழந்தை கையில் வந்த நாள். ஒரு நொடி சிரித்தார், அடுத்த நொடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அம்மா… அம்மாவும் போயிட்டாளா?" என்று கத்தினார். அவள் தலையசைத்தாள். அம்மா போன துக்கத்தை அவர் அங்கேயே, அந்தத் தரையில், இரண்டாம் முறையாகப் பட்டார். குரல் ஒவ்வொரு வார்த்தைக்கும் கனத்துக்கொண்டே வந்தது. முகத்தில் வருடங்கள் ஏறுவதைச் சுகந்தி பக்கத்தில் இருந்து பார்த்தாள். அது பார்க்கக் கூடிய காட்சியாக இல்லை.

கடைசியில் அவர் சுவரில் சாய்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிருந்தா எங்க?" என்றார். பிறகு அவளைப் பார்த்தார். "சுகந்தி? நீ எப்ப வந்தே?"

கதவு திறந்த வேகத்தில் பிருந்தா ஓடி வந்து அவர்மேல் விழுந்தாள்.

அடுத்த வாரம் முழுவதும் சுகந்திக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் புறங்கையைப் பார்த்து நடுங்கிய அந்த முகம் வந்தது. அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணும்போதெல்லாம் பிருந்தா, "நல்லா இருக்காரு, நல்லா இருக்காரு" என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் நேரிலேயே போனாள்.

தண்டபாணி மாடி வராந்தாவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முகம் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. பிருந்தா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவரு அப்பா பேச்சு எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாரு. இப்பப் பாரு, அவரே பேசறாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"ஆமா சுகந்தி," என்றார். "எனக்கு அந்தப் பாரம் இல்லாமப் போச்சு. அன்னைக்கு அத்தை மட்டும் சொல்லலேன்னா நான் எப்படித் தாங்கியிருப்பேனோ. மாமா சைக்கிள்ல வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருச்சில்ல."

சுகந்தி காபித் தம்ளரை எடுத்தவள் அப்படியே வைத்தாள். "எந்த அத்தைண்ணா?"

"பொள்ளாச்சி அத்தைதான். நம்ம வீட்ல வந்து இருந்தாங்கல்ல அப்போ? என்கூடக் கீழ உக்காந்து சுரங்கம் ஆடிட்டே இருந்தாங்க. திடீர்னு நிறுத்திட்டு, என் கையைப் பிடிச்சுட்டு சொன்னாங்க. சொல்லிட்டு என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. ஒரு புள்ளைக்கு அப்படிச் சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!" அவர் கண் கலங்கியது. "நல்ல மனுஷி. தீபாவளியிலிருந்து அவங்கதான் எனக்கு விளக்குப் பிடிச்சாங்க. அத்தைக்கு என்ன அழகா ஆட வரும்ங்கறே!"

"தீபாவளியிலிருந்தா?"

"ஆமா. தினமும்."

அவள் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி மாடிப்படிப் பக்கம் போனாள். நிவேதனைக் கூப்பிட்டாள். கேட்டதும் அவன் பெருமூச்சு விட்டான்.

"ஞாபகம் தொறந்திருக்கறப்போ அதுல என்ன நடந்தாலும் ஒட்டிக்கும்ங்க. பூசின சிமெண்ட் காயறதுக்குள்ள கால் வெச்சா தடம் விழற மாதிரி. அவருக்கு அந்த மூணு மாசமும் தொறந்து கிடந்துச்சு. நீங்க உக்காந்த எடத்துல நீங்கதான் பதிஞ்சிருக்கீங்க."

"நான் இல்லைங்க. நான் அதுல இல்லவே இல்லை. அத்தை இருக்காங்க."

"ம்." கொஞ்சம் யோசித்தான். "வேணும்னா இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க. தொறந்து சரி பண்ணிப் பாக்கலாம். காசு வேண்டாம்ங்க."

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

திரும்பி வந்தபோது தண்டபாணி கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தார். நெற்றி சுருங்கியிருந்தது.

"சுகந்தி, நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்காத. அந்த வருசம் நீ எங்க இருந்தே?"

அவள் நின்றாள்.

"நீ இருந்திருக்கணும். ஒன்பது வயசு இருக்கும் உனக்கு. வாரம் பூரா யோசிச்சுப் பாக்கறேன். வீடு தெரியுது, அம்மா தெரியுது, அத்தை தெரியுது. உன்னைக் காணோம். உனக்கு முகமே இல்ல அதுல." மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் விரிந்தன. அவள் அந்தக் கண்களைப் போன வாரம் பார்த்திருந்தாள். "எனக்கு ஏதோ ஆயிருச்சா? சொல்லு. நான் முழுசா வரலையா?"

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது அத்தை இல்லை. அப்படியென்றால் அப்பா செத்த செய்தியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியென்றால் மறுபடி அந்தத் தெருமுனை, அந்தக் கூட்டம், மூக்கில் பஞ்சு. அவர் படியிறங்கிப் போய்விட்டால்?

"என்னண்ணா நீங்க," என்றாள். சிரிக்க முயன்றாள், சிரிப்பு வந்துவிட்டது. "நான் அப்ப பொள்ளாச்சியிலல்ல இருந்தேன். அத்தை இங்க வந்தாங்க, என்னை அவங்க வீட்ல விட்டிருந்தாங்க. அங்கதான் ஸ்கூலுக்குப் போனேன். மறந்துட்டீங்களா?"

அவர் முகத்தில் பயம் வடிவதை அவள் கண்ணெதிரே பார்த்தாள். பெரிய மூச்சு ஒன்று விட்டுச் சாய்ந்தார்.

"அதானே! நான் பயந்தே போயிட்டேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் இரக்கம் தெரிந்தது. "அப்ப நீ தும்பியைப் பாத்ததே இல்ல."

"இல்லைண்ணா."

"அடப் பாவமே. ஒரு தடவைகூடவா? சுரங்கம் ஆடினதே இல்லையா நீ?"

"இல்லைண்ணா."

"உக்காரு, சொல்றேன்." உரித்த கடலையில் ஒரு கை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தார். மேசையை டி.வி.யாக வைத்துக்கொண்டு விரலால் எல்லைக் கோடு போட்டார். "இது திரை. முழுக்க இருட்டா இருக்கும், ஒண்ணும் தெரியாது. புரியுதா?"

"புரியுதுண்ணா," என்றாள் சுகந்தி. "ஒருத்தர் ஆடறதா, ரெண்டு பேரா?"